'பில்' என்னும் சொல்

நம் கடைகளில் நாள்தோறும் புழங்கும் 'பில்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் பல. பறவையின் அலகும் பில். பாராளுமன்றத்து மசோதாவும் பில். அமெரிக்கருக்குப் பண நோட்டும் பில்! இவற்றால் நமக்குத் தொல்லையில்லை.

கடைப் பில் வெறும் விலைக்கணக்கு. 'பில் ஆஃப் லேடிங்' கப்பல்காரர் தரும் சரக்குச் சீட்டு. 'பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சு' என்பதோ நாம் உண்டியல் என்றழைப்பது. விலைக்கணக்குத்தானே என்று எண்ணி நம்பேரில் வந்த உண்டியலில் கையொப்பமிட்டால், வேறொரு வார்த்தை எழுதாவிடினும், தவணையில் பணஞ் செலுத்த ஒப்பியதாகவே சிங்கப்பூர், மலேசியச் சட்டங்கள் கொள்ளும். சரக்குப் பெற்றதற்கு இட்ட கையொப்பம் என்று பின்னர் சொல்லிப் பயனில்லை. நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து அதனை வாங்கிய வங்கியிடம், சரக்கில் குறையுண்டு என வாதாடவும் பெரும்பாலும் இடமிராது.