கொல்லம் ஆண்டும் பத்திரத் தேதியும்

தாமிரபரணிக் கரையிலுள்ள கிராமங்களில் பழைய பத்திரங்களை விரித்துப் பார்த்தால், தமிழ் வருஷப் பெயரோடு ‘கொல்லம்’ என்று ஓர் எண்ணும் எழுதியிருக்கக் காணலாம். அங்கத்தினர்களில் பலர் அதனைக் கவனிப்பதில்லை.

பிரபவ முதல் அட்சய ஈறாக வருஷப் பெயர்கள் அறுபதே. பின்னர் மறுபடியும் பிரபவ வரும். ஆதலால் ‘விபவ வருஷம் தை மாதம்’ என்று மாத்திரம் கண்ட ஒத்திச்சீட்டு 1869-ஆம் வருஷத்ததா, 1929-ஆம் வருஷத்ததா என்று அப்பெயரைக் கொண்டு சொல்ல இயலாது. எழுதியவர் தகப்பனாரா, பாட்டனாரா என்ற வழக்கே அதனால் எழலாம். கொல்லம் 1104 என்று கண்டிருப்பின் ஐயமில்லை.

இவ்வாண்டு கி.பி. 825-இல் தொடங்கி, மலையாள நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் வழங்கி வந்தது. நம் பக்கத்தில் எண் மாறுவது சித்திரையில் அன்று, ஆவணி முதல் தேதியில். வட மலையாளத்திலோ கன்னி மாதத்தில். ஆவணி பிறந்தது முதல் டிசம்பர் முடிய 824-ம், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ம் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும். 1924 ஜூலையில் மலையாளத்தை அழித்த பெருவெள்ளத்தை அந்நாட்டார் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர். 1099-உடன் 825 கூட்டிப் பார்க்கலாம்.

ஆனால் நாளைக் கணக்கிடுவது அவ்வளவு எளிதன்று. நமது சௌர வருஷம் இங்கிலீஷ் வருஷத்தினும் ஏறக்குறைய 23 நிமிஷம் நீண்டது. சுமார் 60 வருஷத்துக்கு ஒரு நாள் பிந்துகிறது. ஆகவே, பாட்டனார் காலத்து ஆவணி முதல் தேதியை இன்றைய காலண்டர் கொண்டு நிர்ணயிக்கலாகாது. மாதங்களும் சூரியன் ஒவ்வொரு ராசியிலும் தங்கும் காலமாதலால், ஆனிக்கு 31 அல்லது 32 நாளும், மார்கழிக்கு 29 அல்லது 30 நாளும் வரும். வைகாசி முதல் நான்கு மாதம் சுமார் 125 நாள். கார்த்திகை முதல் நான்கு மாதம் சுமார் 118 நாளே.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. சங்கக் கடனுக்கு வசூல் முறை வேறு. அங்கத்தினர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் கைமாற்று நோட்டையே குறிப்பிடுகிறேன். நோட்டில் தமிழ்த் தேதி மாத்திரம் இருந்தாலும், 1963-ஆம் வருஷத்து லிமிட்டேஷன் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி, இங்கிலீஷ் காலண்டரைக் கொண்டே கெடு எண்ணப்படும். வைகாசி முதல் தேதி நான்கு மாத வாய்தாவில் எழுதிய நோட்டுக்குப் புரட்டாசி பிறக்கும் நாளை, அதாவது செப்டம்பர் 17 வாக்கை, வாய்தா என்று கடன் கொடுத்தவர் எண்ணுவார். சட்டத்துக்கோ வாய்தா செப்டம்பர் 14 அல்லது 15. மூன்று வருஷக் கெடு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும். இடையில் வரவு வைத்தலோ, எழுத்து மூலமான ஒப்புதலோ இல்லாமல், கடைசி நாளென்று தாம் எண்ணிய தினத்தில் தாவாச் செய்பவர், இரண்டு மூன்று நாள் பிந்தியமையால் முழுத் தொகையையும் இழப்பார். தாவாவுக்குத் தாமத மன்னிப்புக் கிடையாது.

நோட்டு எழுதும்போது, கொல்லம் எண், தமிழ் வருஷம், மாதம், தேதி இவற்றுக்கு நேரே இங்கிலீஷ் தேதியையும் எழுதி, வாய்தா நாளையும் இங்கிலீஷ் தேதியாகவே குறித்துக்கொள்க.