பெட்டி சொன்ன கணக்கும் மீட்டர் சொன்ன கணக்கும்



சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், மந்தாரக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அத்தை வீட்டுக்கு ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி வந்து சேர்ந்தது. சோப்புக்கட்டியைவிடச் சற்றுப் பெரியது. சுவரில் உள்ள பிளக்கில் செருகினால் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். "இதைச் செருகி வைத்தால் கரண்டு பில் முப்பது சதவீதம் குறையும், நவீன விஞ்ஞானம், அம்மா" என்று சொல்லி ரூபாய் 1,500-க்கு விற்றுச் சென்றார் ஒருவர். அத்தை தெருவில் நான்கைந்து வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். 1,500 ரூபாய் என்பது அவருக்குப் பல நாள் கூலி.

அத்தை எளிதில் ஏமாறுகிறவர் அல்லர். "கண்ணால் பார்த்த பிறகுதான் வாங்கினேன்" என்றார். விற்க வந்தவர் ஒரு சிறு மோட்டாரும், எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டாங் டெஸ்டரும் கொண்டு வந்திருந்தார். ஒயரைக் கவ்விப் பிடித்து எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. மோட்டார் ஓடும்போது 0.6 ஆம்பியர். பெட்டியைச் செருகியதும் 0.3 சொச்சம். பாதிதானே! எவர் நம்பமாட்டார்?

மேலும் நெய்வேலிக்காரர்களாகிய நமக்கு, மின்சாரத்தைச் சிக்கனம் செய்யுங்கள் என்று எவரும் தனியே போதிக்க வேண்டியதில்லை. 1956-இல் நிறுவனம் பதிவாகி, 1962-இல் முதல் மின் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் மண்ணைத் தோண்டித்தான் வெளிச்சம் கொடுக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அந்த ஒரு கிலோவை எடுப்பதற்கு அதன் மேலுள்ள பல மடங்கு மண்ணை அகற்ற வேண்டும், அடியிலிருந்து முட்டும் நீரையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே "மிச்சம்" என்ற சொல் நம் காதில் புண்ணியம் போல விழுகிறது. விற்க வந்தவர் அதையும் அறிந்தே பேசியிருக்கிறார்.

முதல் பில் குறைந்தே வந்தது. அத்தைக்கு மகிழ்ச்சி, அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று பேர் வாங்கினர். ஆனால் அது கார்த்திகையும் மார்கழியும் சேர்ந்த பில் என்பதை எவரும் நினைக்கவில்லை. அந்த இரண்டு மாதங்களில் மின்விசிறி ஓடுவது எவர் வீட்டில்? பங்குனி, சித்திரைக்கான பில் வந்தபோது பழைய தொகையே வந்தது, பத்து ரூபாய் கூடவும் இருந்தது. அத்தை பெட்டியைக் கழற்றித் தோழியிடம் கொடுத்து, "உங்க சிஸ்டர்கிட்ட காட்டும்மா, ரிப்பேரா இருக்கும்" என்றார்.

மேல்நிலை வகுப்பில் மாறுதிசை மின்னோட்டப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளை அது. எங்கள் இயற்பியல் சிஸ்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லமாட்டேன். மீட்டரைக் கேளுங்கள்" என்றார்.

மீட்டரை எப்படிக் கேட்பது? நம் தாய்மார் காலத்து மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு சுழலும். இப்போதைய மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அருகிலேயே 3200 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். (உங்கள் வீட்டு மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தால் போதும், தொட வேண்டாம்.) வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பொருளை ஓடவிட்டுச் சிமிட்டல்களை எண்ணினால், அது எவ்வளவு தின்கிறது என்பது தெரிந்துவிடும். இதற்கு ஆய்வகமே வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் ஐந்து பேர் அத்தை வீட்டுக்குப் போனோம். ஒரு தோழியின் தந்தையிடமிருந்து டாங் டெஸ்டரை இரவல் வாங்கியிருந்தோம். அத்தையின் டில்டிங் கிரைண்டரில் அரிசி போட்டு ஓடவிட்டோம். மாவு அரையும்போது பாரம் மாறும் என்பதால், ஐந்து நிமிடம் பெட்டியோடு, ஐந்து நிமிடம் பெட்டியில்லாமல் என்று மாற்றி மாற்றி எண்ணினோம். ஒருத்தி கடிகாரம், இருவர் தனித்தனியே எண்ணிக்கை, ஒருத்தி ஆம்பியர், ஒருத்தி எழுத்து. (எழுதியவள் கையில் மாவு பட்டு முதல் தாள் வீணானது.)

பெட்டி இல்லாதபோது 2.4 ஆம்பியர், 88 சிமிட்டல். பெட்டியோடு 2.1 ஆம்பியர், 88 சிமிட்டல். மறுபடி இல்லாமல் 87. மறுபடி பெட்டியோடு 88.

உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் நாங்கள் குழம்பிப்போனோம். பெட்டி வெறும் பொய் என்றால் ஆம்பியரும் குறையாதிருக்க வேண்டும். ஆம்பியர் குறைந்ததே! அப்படியானால் மீட்டர் தவறா? அத்தையும் அதையே கேட்டார்: "நம்ம மீட்டர்தான் பழுதா?" நாங்கள் விடை சொல்லத் தெரியாமல் தாளை மடித்துக்கொண்டு திரும்பினோம்.

திங்கட்கிழமை சிஸ்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது 5 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, பச்சை விளக்கு ஒன்று. மின்விசிறிக்குப் போடும் கண்டென்சரின் உடன்பிறப்பு, சில்லறை விலைதான். அதன் பின் அவர் சொன்ன விளக்கத்தை எங்கள் சொற்களில் தருகிறோம்.

மோட்டார் ஓட அதன் சுருள் காந்தமாக வேண்டும். அதற்காக ஒரு கணம் ஆற்றலை வாங்கி, அடுத்த கணமே திருப்பி அனுப்புகிறது. விநாடிக்கு 100 முறை இது நடக்கிறது. அடுத்த வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கித் திருப்பித் தருவதைப் போன்றது. இதனோடு, மாவை அரைப்பதற்காக உண்மையில் செலவாகும் ஆற்றலும் வருகிறது. அது கடையில் வாங்கித் தின்று தீர்த்த அரிசி. டாங் டெஸ்டர் தெருவில் நின்று போக வர இருப்போரையெல்லாம் எண்ணுகிறது. கையிலிருப்பது இரவல் பாத்திரமா, அரிசியா என்று பார்ப்பதில்லை. வீட்டு மீட்டரோ அரிசியை மட்டும் எண்ணுகிறது. மின்தேக்கி செய்வது என்ன? அந்தப் பாத்திரத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இரவல் கொடுக்கிறது. தெருவில் நடமாட்டம் குறைகிறது. தின்ற அரிசி குறையவில்லை.

இதற்குத்தான் திறன் காரணி என்று நம் பாடநூலில் பெயர். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்துக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. பெரிய ஆலைகளில் மின்தேக்கி வைப்பதால் உண்மையான பயன் உண்டு. அவர்களுடைய மீட்டர் இந்தப் போக்குவரத்தையும் கணக்கில் எடுக்கும். திறன் காரணி குறைந்தால் கூடுதல் கட்டணமும் விழும். ஆக, பெட்டிக்குள் இருந்த விஞ்ஞானம் மெய். அது சொன்ன விலாசம்தான் தவறு. இதே வகைப் பெட்டிகளை ஆராய்ந்து, வீட்டுக்காரர்களுக்குப் பில் குறையாது என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2009-இலேயே சொல்லியிருக்கிறது. விற்றவர் தம்முடைய சிறிய மோட்டாரையே கொண்டு வந்ததன் காரணமும் விளங்கியது. கிரைண்டரில் காட்டியிருந்தால் 2.4 என்பது 2.1 ஆகியிருக்கும், பாதி ஆகியிருக்காது.

புதிய கருவி என்றாலே ஏமாற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதே மீட்டரில் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டோம்: ஐந்து நிமிடத்தில் 16 சிமிட்டல். 9 வாட் எல்.இ.டி. பல்பு: இரண்டு, தப்பினால் மூன்று. 2015-இல் உஜாலா திட்டத்தில் இந்தப் பல்புகளை மலிவாகக் கொடுத்தபோது சொன்ன வாக்கு, எண்ணிப் பார்த்தாலும் நிற்கிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டும் அப்படியே, 2006-இல் வந்தது. ஆனால் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும், அது எந்த ஆண்டுச் சீட்டு என்பதையும் படிக்க வேண்டும். தரம் உயர உயரப் பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் மூன்றாகிவிடக்கூடும்.

நம் ஊரிலேயே ஒரு பழைய வாக்கு இருந்தது. எங்கள் பாட்டிமார் "லெக்கோ" என்றால் இன்றும் முகம் மலர்வார்கள். பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கட்டியாக்கிக் கரியாக்கி, புகையில்லா அடுப்பெரிபொருள் என்று நெய்வேலியிலிருந்து விற்றார்கள். புகையில்லை என்பது மெய்தான். பற்றவைக்க ஆகும் நேரத்தைப் பற்றி விளம்பரத்தில் யாரும் எழுதவில்லை என்று ஒரு பாட்டி சொல்லிச் சிரித்தார். கேஸ் அடுப்பு வந்தது, லெக்கோ போயிற்று.

அத்தையின் 1,500 ரூபாய்? தவறான விளம்பரத்துக்கு எதிராக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1986-இல் முதலில் வந்து, 2019-இல் புதிதாக இயற்றப்பட்டது. 1915 என்ற எண்ணில் தொலைபேசியிலும் முறையிடலாம். ஆனால் அத்தையிடம் ரசீது இல்லை. பெட்டியின் மேல் செய்தவர் பெயரோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையோ இல்லை. யார் மேல் முறையிடுவது? பணம் போனது போனதுதான். "எம் பேரை மட்டும் போட்டுடாதீங்கம்மா" என்றார், போடவில்லை.

எண்ணத் தொடங்கிய பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. அத்தையின் கிரைண்டரில் பெல்ட் தளர்ந்து வழுக்குவதை ஒரு தோழி கவனித்தாள். ஓர் ஈடு அரைக்க 45 நிமிடம், முறை வைத்து எண்ணியதில் 790 சிமிட்டல் ஆயிற்று. பெல்ட்டை மாற்றிய பின் 36 நிமிடம், 660. மிச்சம் 130 சிமிட்டல். நாளுக்கு ஓர் ஈடு என்று வைத்து, இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரை யூனிட். நம் சுரங்கத்துக் கணக்கில் இரண்டரை கிலோ நிலக்கரி. முப்பது சதவீதம் எங்கே, இது எங்கே! எங்களுக்கே சற்று வெட்கமாக இருந்தது. அத்தையோ அந்த ஒன்பது நிமிடத்தைத்தான் பெரிதாகப் பேசினார். விடியற்காலையில் ஒன்பது நிமிடம் கூடுதலாகப் படுத்திருக்கலாமாம்.

பெட்டி இப்போது எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில், "5 மைக்ரோஃபாரட்" என்று சீட்டு ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் அத்தை சொல்லியனுப்பினார்: பக்கத்து வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வாங்கப் போகிறார்களாம், அதற்கு முன் எங்களை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.