நாற்பது பவுண்டுச் சாட்சி

மளிகைக் கடைக்காரர் ஒருவர் பாக்கிக்காக வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சரக்கை நானே நிறுத்துக் கொடுத்தேன், பணம் வரவில்லை" என்று கூண்டில் ஏறிச் சொல்கிறார். இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவர் அப்படிச் சொல்ல முடியாது. வழக்கின் முடிவால் ஆதாயம் அடையக்கூடியவர் சத்தியம் செய்து சாட்சி சொல்லக்கூடாது என்பது அங்கே சிவில் வழக்குகளில் விதி. கடைச் சிப்பந்தி சொல்லலாம், முதலாளி சொல்லக்கூடாது. கடைக் கணக்குப் புத்தகத்தையும் ஓராண்டு கடந்த சில்லறைப் பாக்கிக்குச் சாட்சியமாக ஏற்பதில்லை என்று 1609இலேயே சட்டம் செய்திருந்தார்கள். வியாபாரிக்கும் வியாபாரிக்கும் உள்ள கணக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. மொத்த வியாபாரி என்ற முறையில் எனக்கு அதில் சற்று ஆறுதல்.

இவ்வளவு கறாரான அதே நாட்டில், வழிப்பறி வழக்கில் மட்டும் நிலைமை தலைகீழ். வழிப்பறிக்குத் தண்டனை தூக்கு. 1692ஆம் ஆண்டுச் சட்டப்படி, நெடுஞ்சாலைக் கொள்ளையனைப் பிடித்துக் குற்றம் நிரூபணமானால் பிடித்தவர்களுக்கு 40 பவுண்டு வெகுமதி. அவனுடைய குதிரையும் ஆயுதமும் அவர்களுக்கே. 1720 முதல் பல முறை, லண்டனிலும் அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள்ளும் நடந்த வழிப்பறிக்கு அரசர் பிரகடனத்தின் மூலம் மேலும் 100 பவுண்டு கிடைத்தது. ஆக 140. கூலித் தொழிலாளி ஒருவர் வருஷம் முழுவதும் உழைத்தாலும் 40 பவுண்டு பார்ப்பது அரிது. இந்தப் பணத்துக்குக் காத்திருப்பவரே கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யலாம், அது செல்லும்!

நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. லண்டனுக்கு முறையான போலீஸ் படை 1829இல்தான் வந்தது. அதுவரை கான்ஸ்டபிள் வேலை பெரும்பாலும் சம்பளமில்லாத ஊர்ப்பொறுப்பு. இருட்டுத் தெருவில் பணப்பையோடு போகிறவருக்குக் காவல் இல்லை. ஆகவே பணம் கொடுத்தாவது கள்வனைப் பிடிக்கச் செய்வோம் என்று நினைத்தார்கள். ஆனால் குற்றம் நிரூபணமானால்தான் பணம் என்று வைத்தார்களே, அங்கேதான் தராசு சாய்ந்தது.

குற்றம் சாட்டப்பட்டவனின் கதியையும் பாருங்கள். அவன் சத்தியம் செய்து தன் தரப்பைச் சொல்ல 1898 வரை உரிமை இல்லை. அவனுக்காக வக்கீல் ஜூரியிடம் வாதம் பேசுவதற்கு 1836 வரை அனுமதி இல்லை. 1730களிலிருந்து குறுக்கு விசாரணை மட்டும் செய்யவிட்டார்கள், அதுவும் வக்கீல் வைக்கக் காசு உள்ளவனுக்கு. பல விசாரணைகள் அரைமணி நேரத்துக்குள் முடிந்தன. தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் 12 பேரிலும் கடைக்காரரும் கைத்தொழில் செய்வோரும் நிறைய இருந்தார்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள்.

இந்த வெகுமதியைச் சிலர் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஸ்டீஃபன் மெக்டேனியல், ஜான் பெர்ரி, ஜேம்ஸ் சால்மன், ஜேம்ஸ் ஈகன் ஆகிய நால்வர் கூட்டணி அதில் பேர்போனது. 1754 ஜூலையில் டெப்ட்ஃபோர்டு அருகே ஒரு வழிப்பறியை அவர்களே ஜோடித்தார்கள். தோல் கால்சட்டை தைக்கும் சால்மன் பறிகொடுப்பவன். தாமஸ் பிளீ என்ற கையாள், பீட்டர் கெல்லி, ஜான் எல்லிஸ் என்ற இரண்டு இளைஞர்களை ஆசைகாட்டி அழைத்து வருபவன். பறித்த சரக்கை விலைக்கு வாங்குபவன் ஈகன். பிடித்துக் கொடுப்பவன் மெக்டேனியல். கொள்முதலும் விற்பனையும் ஒரே கல்லாவில்!

பிளாக்ஹீத் பகுதித் தலைமைக் கான்ஸ்டபிள் ஜோசப் காக்ஸுக்கு இதில் சந்தேகம் தட்டியது. அவர் பிளீயைப் பிடித்து முழு உண்மையையும் வாங்கிவிட்டார். ஆனால் உடனே வெளியிடவில்லை. மெய்ட்ஸ்டோன் நீதிமன்றத்தில் நால்வரின் ஏற்பாடு கடைசிவரை நடக்கட்டும் என்று பொறுத்திருந்து, இளைஞர்கள் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்ன பிறகே கூட்டத்தைக் கைது செய்தார். முன்னதாகப் பிடித்திருந்தால் சொல்லாத சாட்சிக்குத் தண்டனை வாங்க முடியாதல்லவா! எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த மனிதர் இவர்தான்.

அதற்குப் பிறகும் சட்டம் தடுமாறியது. சால்மன் தானே சம்மதித்துப் பறிகொடுத்ததால் அது வழிப்பறியே ஆகாது, ஆகவே வழிப்பறிக்கு உடந்தை என்ற குற்றமும் நிற்காது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் 1756இல் சதிக் குற்றத்துக்காக நால்வருக்கும் சிறையும், பொது இடத்தில் கழுத்துக்கட்டையில் நிற்கும் தண்டனையும் கிடைத்தன. ஸ்மித்ஃபீல்டில் கூடிய ஜனங்கள் எறிந்த கல்லில் ஈகன் அங்கேயே செத்தான்.

கெல்லியும் எல்லிஸும் முதல் ஆட்கள் அல்ல. அதே 1754இன் தொடக்கத்தில் ஜோஷுவா கிட்டன் என்பவர், மேரி ஜோன்ஸ் என்ற பெண்ணிடம் வழிப்பறி செய்ததாகத் தூக்கிலிடப்பட்டிருந்தார். சாமான் தூக்கக் கூலிக்கு அழைத்துப் போனார்கள் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. பொய்ச் சாட்சியால் அவரைக் கொன்றதாக 1756இல் மெக்டேனியல், பெர்ரி, மேரி ஜோன்ஸ் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தண்டனை நிறைவேறவே இல்லை.

1780களில் வில்லியம் கேரோ போன்ற வக்கீல்கள் சாட்சிகளிடம் முதலில் கேட்டதே, "வெகுமதியில் உமக்கு எவ்வளவு பங்கு?" என்பதுதான். அதை 'ரத்தப் பணம்' என்று ஜனங்கள் அழைத்தார்கள். 1818இல் அந்தச் சட்ட வெகுமதிகள் ரத்தாயின. வியாபாரி தன் வழக்கில் தானே சாட்சி சொல்லும் உரிமை 1851இல் வந்தது.

நம் நாட்டு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அந்த உரிமையை நமக்கும் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமும் அதைக் காத்திருக்கிறது. ஒழுங்காக எழுதிவரும் பேரேடும் சாட்சியமாகும். ஆனால் பேரேட்டு வரி ஒன்றை மட்டும் வைத்து ஒருவர்மேல் பாக்கியைச் சுமத்த முடியாது. பில்லோ, சரக்குப் பெற்ற கையெழுத்தோ, எடைபோட்ட பையனின் சாட்சியோ கூட வேண்டும்.