குவியத்தைப் பிடி, கூம்பு வளைவு கைக்கு வரும்

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்துல ஐந்தாவது பாடத்துக்கு வந்தாலே பலருக்கு முகம் சுருங்கிடும். பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சூத்திரப் பட்டியல். மனப்பாடம் பண்ணிட்டுப் போனா பரீட்சை ஹால்ல ஒண்ணுக்கொண்ணு மாறித்தான் வரும். அதனால தங்கச்சி, அக்கா சொல்றதைக் கேளு. எந்தக் கணக்கா இருந்தாலும் முதல்ல குவியம் எங்கே இருக்குன்னு பாரு. வளைவோட வடிவம், அதோட பயன் ரெண்டும் அங்கேருந்துதான் கிளம்புது.

1. ஒரே விதியில ஆரம்பி

குவியம்னு ஒரு புள்ளி, இயக்குவரைன்னு ஒரு நேர்கோடு. வளைவு மேல எந்தப் புள்ளியை எடுத்தாலும், குவியத்துக்கு உள்ள தூரத்தை இயக்குவரைக்கு உள்ள தூரத்தால வகுத்தா ஒரே எண்தான் வரும். அதுதான் மையத்தொலைத் தகவு. அது 1-க்குக் குறைஞ்சா நீள்வட்டம், சரியா 1-ன்னா பரவளையம், கூடினா அதிபரவளையம். ஹாலி வால்நட்சத்திரத்துக்கு இது 0.967. அதனால 1986-ல வந்துட்டுப் போனது 2061-ல திரும்பி வரும். 2017-ல கண்டுபிடிச்ச ஔமுவாமுவாங்கிற விண்பொருளுக்கு சுமார் 1.2. அது போனது போனதுதான், திரும்பாது.

2. நூல் கட்டி ஒரு தடவை வரை

அட்டையில 8 செ.மீ. இடைவெளி விட்டு ரெண்டு குண்டூசி குத்து. நூலோட ஒரு முனையை ஒரு ஊசியிலும் மறுமுனையை இன்னொண்ணுலயும் கட்டு. நடுவுல 10 செ.மீ. நூல் இருக்கணும். பென்சிலால நூலை விறைப்பா இழுத்துக்கிட்டே சுத்தி வா. நீள்வட்டம் வந்துடும், ஊசிங்க ரெண்டும் குவியங்கள்.

பென்சில் சரியா நடு உச்சிக்கு வரும்போது நிறுத்திப் பாரு. பாதி நூல் 5, மையத்துலேருந்து ஊசி 4, உயரம் 3. ஒரு செங்கோண முக்கோணம்! நீள்வட்டத்துல கர்ணம் 'ஏ', அதாவது நெட்டச்சோட பாதி. அதிபரவளையத்துல கர்ணம் 'சி', அதாவது மையத்துலேருந்து குவியத்துக்கு உள்ள தூரம். கூட்டணுமா கழிக்கணுமாங்கிற குழப்பம் இதோட தீர்ந்தது.

3. சமன்பாட்டைப் பார்த்ததும் ஆளை அடையாளம் காண

எக்ஸையும் ஒய்யையும் பெருக்கின உறுப்பு இல்லைன்னா வேலை சுலபம். எக்ஸ் ஸ்கொயர், ஒய் ஸ்கொயர் ரெண்டோட கெழுவும் சமம்னா வட்டம். குறி ஒண்ணு, எண் வேறன்னா நீள்வட்டம். குறியே மாறினா அதிபரவளையம். ஒண்ணுல மட்டும் ஸ்கொயர் இருந்தா பரவளையம். ஆனா முழு வர்க்கமாக்கிப் பார்த்துட்டே விடையை எழுது. சில சமன்பாடு வெறும் புள்ளியாவோ நேர்கோடாவோ சுருங்கிடும், சிலது வளைவாவே இருக்காது.

4. வளைவுப் பாலக் கணக்குல பாதியை மறக்காதே

10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்துல அரை நீள்வட்ட வளைவு. அடியில 3.5 மீட்டர் உயர லாரி போகுமா? ஆதிப்புள்ளியைத் தரையில நடுவுல வை. 'ஏ' 10 இல்லை, 5. லாரியோட வெளி விளிம்பு நடுவுலேருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தா, அங்கே வளைவோட உயரம் 3.2 மீட்டர்தான். லாரி இடிக்கும். நடு உயரத்தை மட்டும் பார்த்துட்டு 'போகும்'னு எழுதினா மார்க் போச்சு.

5. டிஷ் கணக்குக்கு ஒரு குறுக்குவழி

அச்சுக்கு இணையா வர்ற கதிர் எல்லாம் பரவளையத்துல பட்டுக் குவியத்துக்குத்தான் போகும். வாயோட அகலத்தை ஸ்கொயர் பண்ணி, ஆழத்தைப் போல 16 மடங்கால வகுத்தா முனையிலேருந்து குவியத் தூரம் கிடைக்கும். அகலம் 60 செ.மீ., ஆழம் 9 செ.மீ.ன்னா 25 செ.மீ. தள்ளிக் குவியம். ரிசீவரை அங்கேதான் வைக்கணும்.

இதையே பெருசா பார்க்கணும்னா ஊட்டி பக்கத்துல முத்தோரைக்குப் போ. 1970-ல அங்கே கட்டின ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கிண்ணமா இல்லாம, பரவளையத்தை நீளவாக்குல இழுத்த உருளை வடிவம். அதனால குவியமும் புள்ளியா இல்லாம நீளக் கோடா இருக்கு. ரேடியோ அலையை வாங்குற கருவிகளை அந்தக் கோட்டுலதான் வரிசையா வச்சிருக்காங்க.

6. பூமியோட பாதையை முட்டை மாதிரி வரையாதே

சூரியன் இருக்கிறது நீள்வட்டத்தோட மையத்துல இல்லை, ஒரு குவியத்துல. 1609-லேயே கெப்ளர் எழுதி வெளியிட்டது இது. ஆனா பூமியோட மையத்தொலைத் தகவு 0.0167தான். பாதையை 10 செ.மீ. ஆரத்துல வரைஞ்சா சூரியன் 1.7 மி.மீ. தள்ளி இருக்கும். வட்டத்துக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் பென்சில் கோட்டு தடிமனுக்குள்ளேயே மறைஞ்சிடும். இன்னொண்ணு: நாம சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல, அதாவது சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்துல இருக்கிறது மார்கழிக் குளிர்ல, ஜனவரித் தொடக்கத்துல. அதனால கோடைக்குக் காரணம் தூரம்னு எழுதிடாதே. காரணம் பூமியோட சாய்வு.

7. அதிபரவளையம்னா வித்தியாசம்

நீள்வட்டத்துல ரெண்டு குவியத்துக்கும் உள்ள தூரங்களோட கூட்டல் மாறாது. அதிபரவளையத்துல கழித்தல் மாறாது. ரெண்டாம் உலகப் போர் காலத்துல அமெரிக்காவுல உருவான, கப்பல் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிற லோரான் ரேடியோ அமைப்பு இந்த விதியிலதான் ஓடிச்சு. ரெண்டு நிலையத்துலேருந்து வர்ற சிக்னல்களோட நேர வித்தியாசத்தை அளந்தா, கப்பல் எந்த அதிபரவளையத்து மேல இருக்குன்னு தெரியும். இன்னொரு ஜோடி நிலையத்தை வச்சு ரெண்டாவது வளைவு போட்டா, வெட்டுற இடத்துல கப்பல். நிலையங்கள்தான் குவியங்கள்.

8. தொங்குறதெல்லாம் பரவளையம் இல்லை

சும்மா தொங்குற சங்கிலி பார்க்கப் பரவளையம் மாதிரிதான் இருக்கும், ஆனா அது வேற வளைவு. தொங்கு பாலத்துல பாதையோட எடை கிடைமட்டமா சீராப் பரவி இருக்கிறதாலதான் வடம் ஏறக்குறைய பரவளையம் ஆகுது. கேள்வியில 'பரவளைய வடம்'னு கொடுத்திருந்தா மட்டும் அந்தச் சூத்திரத்தைப் போடு.

கடைசியா ஒண்ணு. படம் போடாம ஒரு கணக்கையும் தொடாதே. படத்துல முதல் புள்ளி குவியமா இருக்கட்டும். இந்த வாரம் பத்துக் கணக்கை இப்படிப் போட்டுப் பாரு, சூத்திரப் பட்டியலைத் தேடவே மாட்டே.