கேம் கன்சோலுக்கு மடிக்கணினி வழியாக இணையம்

வெளிநாட்டிலிருந்து குடியாத்தம் வரும் மாமன்மார் பிள்ளைகளுக்குப் பழைய கேம் கன்சோல் கொண்டுவருகிறார்கள். 2005-இல் வந்த முதல் மாடல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் வைஃபை கிடையாது. அதற்கென்று அடாப்டர் தேட வேண்டாம். வைஃபையில் ஓடும் விண்டோஸ் மடிக்கணினியும் ஒரு லேன் கேபிளும் போதும்.

கேபிளால் இரண்டையும் இணையுங்கள். மடிக்கணினியின் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகளைத் திறந்து, வைஃபை மீது வலது கிளிக் செய்யுங்கள். பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் பகுதிக்குப் போய், மற்றவர்கள் இணையத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். கன்சோலில் ஐபி அமைப்பு ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும். மடிக்கணினி ஸ்லீப்புக்குப் போனால் கன்சோலுக்கும் நெட் நின்றுவிடும்; பலர் கேபிளைக் குறை சொல்வது இதனால்தான்.

நம்மில் பலர் வீட்டில் வைஃபை என்பது அத்தாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். தினம் ஒன்றரை ஜிபி பேக்கை ஒரு கேம் டவுன்லோடே தீர்த்துவிடும். மாலையில் அக்காவின் ஆன்லைன் வகுப்பு நின்றுபோகும். ஆகவே டிக் போடுமுன் அத்தாவிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டார் படிப்புக்காகத் தந்த பாஸ்வேர்டு அமானத். அதைக் கன்சோலுக்குத் திருப்ப அவர் அனுமதி தரவில்லை. போய்க் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்.