திரையில் இயங்கும் பொறியும் பட்டறையில் இயங்கும் பொறியும்

பொறிகளின் உறுப்புக்களைப் பலகைமீது தாள் விரித்து, அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைந்த காலம் ஒன்று உண்டு. இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் கணிப்பொறித் திரை ஏற்றுக்கொண்டது. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சி மாணாக்கராயிருந்த ஐவன் சதர்லாந்து என்பார், 'ஸ்கெட்ச்பேட்' என்னும் முறையை இயற்றினார். ஒளிக்கோலால் இரு கோடுகளை இழுத்து, அவை இணையாக நிற்றல் வேண்டுமென விதித்தால், கணிப்பொறி அவ்வாறே நிறுத்திற்று. கோடு வரைதலினும் விதி விதித்தலே இக்கலைக்கு உயிர் என்பது அன்றே புலனாயிற்று. அவ்விதிகள் இயக்கத்தைப் பிறப்பிக்குமாற்றையும், நம்மை ஏமாற்றுமிடத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலில் உறுப்பு. இருமுனையிலும் துளையுள்ள ஓர் இணைப்புத் தண்டை அமைக்கப் புகுவோம். அதன் வெளிக்கோட்டைத் தட்டையாக வரைந்து, துளைகளின் நடுவிடை 120 மில்லிமீட்டர் என்று குறித்து, பின்னர் அதற்குத் தடிப்புக் கொடுக்கிறோம். நாளை 120 என்பதை 130 ஆக்கின், தண்டு தானே நீளும். ஆதலின் யாம் வரைந்தது படமன்று. அளவுகளுக்குள் உள்ள உறவே.

இனித் தொகுப்பு. வெளியில் தனித்து நிற்கும் ஒரு திண்பொருளுக்கு ஆறு வகை அசைவுகள் உண்டு: மூன்று திசைகளில் நகர்தல், மூன்று அச்சுக்களைப் பற்றிச் சுழல்தல். அதனை ஒரு முளையில் கோத்தால் ஐந்து அசைவுகள் தடைப்படும். சுழற்சி ஒன்றே எஞ்சும். காடியில் ஓடும் கட்டைக்கும் ஐந்து தடைப்பட்டு, நேர்நகர்ச்சி ஒன்றே எஞ்சும். தடைகளுக்குப் பின் எஞ்சுவது எதுவோ அதுவே இயக்கம்.

சுழற்சியை நேர்வீச்சாக மாற்றும் பொறியை எடுத்துக்கொள்வோம். கிராங்க், இணைப்புத் தண்டு, காடியில் ஓடும் கட்டை என அசையும் உறுப்புக்கள் 3. அவற்றிற்குரிய அசைவுகள் 18. முளைகள் 3, காடி 1 ஆக 4 மூட்டுக்கள். அவை விதிக்கும் தடைகள் 20. உள்ள அசைவுகளிலும் தடைகள் மிகுதி! கணக்கின்படி இப்பொறி அசைதலாகாது. எனினும் திரையில் அது இனிது சுழல்கின்றது. காரணம் யாது? திரையில் முளைகளின் அச்சுக்கள் மயிரிழையும் பிசகாமல் இணையாக நிற்கின்றன. ஆதலின் ஒரு மூட்டுத் தடுத்த அசைவையே மற்றொன்றும் தடுக்கின்றது. இங்ஙனம் கூறியதே கூறும் தடைகள் 3. அவற்றை நீக்கின் தடைகள் 17 ஆக, அசைவு 1 எஞ்சும். இயக்கத்தை ஆராயும் மென்பொருள்கள் பல, இவ்வீண்தடைகளைத் தாமே தள்ளிவிட்டுப் பொறியை ஓட்டிக் காட்டுகின்றன.

பட்டறையோ எதனையும் தள்ளுவதில்லை. துளையிடுங்கால் அச்சுச் சிறிது சாய்ந்துவிடின், கூறியதே கூறிய தடைகள் ஒன்றோடொன்று முரணத் தொடங்கும். பொறி இறுகும், முளை தேயும். இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, இடைவெளி விடுதல். 20 மில்லிமீட்டர் அளவினவாகிய துளைக்கும் முளைக்கும், எச்7 – ஜி6 என்னும் பொருத்தத்தை விதித்தால், துளை 20.000 முதல் 20.021 வரையிலும், முளை 19.980 முதல் 19.993 வரையிலும் அமையலாம். இடையே 0.007 முதல் 0.041 மில்லிமீட்டர் வரை வெளி கிடைக்கும். சிறு சாய்வை அவ்வெளி பொறுத்துக்கொள்ளும். மற்றொன்று, தண்டின் ஒரு முனையில் முளைக்குப் பதிலாகப் பந்து மூட்டு வைத்தல். அது மூன்று அசைவுகளையே தடுப்பதால், வீண்தடைகளில் இரண்டு ஒழியும்.

திரையில் இரு உறுப்புக்கள் ஒன்றையொன்று ஊடுருவின் மென்பொருள் அதனைக் கண்டுபிடித்துக் காட்டும். ஆயின் வரையாத பிழையை அது காட்டாது. ஆதலின் மாணவ நண்பர்காள்! நும் பொறி திரையில் முதன்முறை சுழலும்போது மகிழ்க. மகிழ்ந்தபின் தடைகளை எண்ணுக. எவை வேண்டுவன, எவை வீண், வீணானவற்றை எவ்விடைவெளி தாங்கும் என ஒவ்வொரு மூட்டிற்கும் விடை கூறுங்கால், நும் வரைபடம் பட்டறைக்குச் செல்லத் தகுதி பெற்றதாகும்.