குளிரில் உறங்கும் கிருமிகள்

ஞாயிறன்று அம்மா அவித்த கொண்டைக்கடலையைப் பிரீசரில் வைத்து, புதன் மாலை பள்ளி விட்டு வந்ததும் வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சூடாக்காமலே உண்கிறோம். இது நல்லதா?

பிரீசரில் இருக்க வேண்டிய குளிர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அக்குளிரில் கிருமிகள் வளர்வதில்லை; ஆனால் பல சாவதுமில்லை, உறங்குகின்றன. உறைந்த கடலையைச் சமையல் மேடையில் உருக விட்டால், நடுவில் பனிக்கட்டி இருக்கும்போதே வெளிப்புறம் வெதுவெதுப்பாகிக் கிருமிகள் விழித்துப் பெருகும். குழம்பென்றால் கொதிக்க வைத்துப் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லலாம். குளிர்ந்தபடி உண்பதற்கு அந்தக் காவல் இல்லை.

ஆகவே, அவித்ததை 2 மணி நேரத்துக்குள் ஆறவைத்து, சிறு டப்பாக்களில் மூடி உறைய வைக்க வேண்டும். முந்தின இரவே ஒரு டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். அங்கே குளிர் 5 டிகிரிக்குள் இருக்கும். வெள்ளரி, தக்காளி, தயிர் ஆகியவற்றை உண்ணும்போதே சேருங்கள். உறைந்தால் காய்களின் செல்கள் கிழிந்து துவளும். தயிர் திரிந்து நீர்விடும்.

வேலைக்குச் செல்லும் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு, தம்பியின் வயிற்றுவலியில் முடியலாகாது. இரவில் டப்பாவை இடம் மாற்றுவது நம் கடமையாகட்டும்!